மழைக் கணக்குப் பெட்டி

“பார்க்க விடுதுங்க. எழுத விடமாட்டேங்குது” என்றார் நாச்சிமுத்து.

லேப்டாப்பை மேஜைமேல் வைத்துவிட்டு, நனைந்த துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. எதிரே உட்கார்ந்திருந்த குருவுக்கு முப்பத்தெட்டு.

குருவின் பெயர் திலகவதி. மலையடிவாரத்தில், தண்ணீர் வற்றிப்போன ஒரு கிணற்றின் மோட்டார் ரூமில் இருக்கிறாள். பெங்களூரில் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்தவள். ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்து அனுப்பி வைத்தாள்.

கெட்டுப்போன பெட்டியோடு அவளிடம் வருபவர்கள் உண்டு. மனசு கெட்டுப்போய் வருபவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே ஸ்டூல்தான்.

அடுத்தவர் பெட்டியை அவள் தொடமாட்டாள். என்ன செய்யவேண்டும் என்று சொல்லுவாள். அதையும் பாதிதான் சொல்லுவாள். மீதிப் பாதிக்கு வந்தவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

“மருதி வரலீங்களா?” என்று கேட்டாள்.

“அவளுக்கு வேலைங்க. அதான் நானே எடுத்துட்டு வந்தேன்.”

இது நாலாவது தடவை. நாலு தடவையும் முதல் கேள்வி இதுதான். நாலு தடவையும் பதிலும் இதேதான்.



நாச்சிமுத்துவை அந்தப் பக்கத்தில் மழைக்காரர் என்பார்கள்.

முப்பத்தோரு வருடம், ஒருநாள் தவறாமல், காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்தவர். உள்ளே இருக்கும் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்து, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுவார். மகளின் கல்யாணத்தன்றுகூட எழுதிவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனார். சம்பந்தி வீட்டார் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

மலையில் பெய்கிற மழை நரிப்பள்ளத்தில் இறங்கும். பள்ளத்தின் கரையில் கீழ்ப்பதி. நாற்பது வீடு. எத்தனை நாளில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தால் தண்ணீர் வாசல்வரை ஏறும் என்பது நாச்சிமுத்துவின் தலைக்குள் இருந்தது. அவர் ‘ஏறுங்க’ என்றால் கீழ்ப்பதி ஜனம் குழந்தை குட்டியோடு பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறும். ‘வேண்டாம்’ என்றால் வீட்டிலேயே இருக்கும்.

போன தை மாதம் அவர் பொறுப்பை ஒப்படைத்தார். மருதியிடம்தான். கீழ்ப்பதியிலேயே பிறந்து, கல்லூரிவரை படித்துவிட்டு வந்த பெண். மானி, கண்ணாடிக் குழாய், நோட்டுகள், லேப்டாப் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, மாலை போட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள்.

“இனிமே எல்லாம் நீதான், சாமி” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் பொய்யில்லை.

முப்பத்தோரு வருட மழையும் லேப்டாப்பில் இருந்தது. கல்லூரிக்காரர்கள் சிலர் மருதிக்குப் புதுக் கணக்குப் புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். இன்றைய மழையைப் பழைய மழைகளோடு ஒப்பிட்டு, பள்ளத்தில் தண்ணீர் எந்த அளவுக்கு ஏறும் என்று அது சொல்லிவிடும். ஆனால் அது ஓட வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும். பழைய சிஸ்டத்தைத் தூக்கி எறியவும் முடியாது. மழைப் பதிவெல்லாம் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆக, ஒரே பெட்டியில் இரண்டும் இருக்கவேண்டும்.

அதற்காகத்தான் இந்த நடை.



முதல் தடவை வந்தபோது, “வட்டே இல்லைங்குதுங்க” என்றார்.

புது சிஸ்டத்தைப் பென் டிரைவில் போட்டு, பெட்டியில் செருகி, இன்ஸ்டால் செய்யப் பார்த்திருக்கிறார். எழுதி வைக்க ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டு எதுவும் காணோம் என்று திரையில் வந்திருக்கிறது. முப்பத்தோரு வருட மழையும் ஆவியாகிவிட்டதென்று நினைத்து அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை.

“இல்லைங்குதா, தெரியலைங்குதா?” என்று குரு கேட்டாள்.

அவர் திரும்பப் போய் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தார். தெரியவில்லை என்றுதான் போட்டிருந்தது. பழையதற்கு மட்டும் புரிகிற ஒரு ஏற்பாட்டில் வட்டு இருந்திருக்கிறது. பழையதற்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு அந்த ஏற்பாட்டை மாற்றியதும் புதியதற்கும் கண் தெரிந்தது.

இரண்டாவது தடவை, இன்ஸ்டால் பாதியில் ஒரு கேள்வி வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஏறட்டுமா, பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ளட்டுமா என்று. அழிப்பதுதான் முதல் வரியில் இருந்தது. முதல் வரி என்பதாலேயே அவர் விரல் அங்கே போயிருந்தது. நல்லவேளையாக அழுத்தாமல் இங்கே வந்தார்.

வேறெங்காவது நகல் இருக்கிறதா என்று குரு கேட்டாள். இல்லை. முப்பத்தோரு வருடத்துக்கும் இந்த ஒரே பெட்டிதான். மறுநாள் இரண்டு நகல் எடுத்தபிறகுதான் இரண்டாவது வரியைத் தொட்டார்.

மூன்றாவது தடவை, இன்ஸ்டால் முடிந்தும் புதியதைக் காணவில்லை. பட்டனைத் தட்டினால் பழையதே வந்து நின்றது.

“கூப்பிட்டீங்களா?” என்றாள் குரு.

கூப்பிடுவது என்றால் என்னவென்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பெட்டிக்குள் ஒரு வரிசை உண்டு. யார் முதலில் எழுந்திருக்கவேண்டும் என்ற வரிசை. புதியது உள்ளேதான் இருந்தது, இரண்டாவது ஆளாக. அதற்கு முறை வரவேயில்லை. வரிசையை மாற்றிய பிறகு, பட்டனைத் தட்டியதும் பெட்டி பத்து விநாடி நின்று, இருவரில் யார் என்று கேட்டது.

அந்தப் பத்து விநாடியை நாச்சிமுத்து வாய்பிளந்து பார்த்தார். இத்தனை வருடம் இந்தப் பெட்டி தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லையே என்று இருந்தது அவருக்கு.



இப்போது நாலாவது தடவை.

புதியது எழுந்துவிட்டது. மழைப் பதிவைத் திறக்கிறது. முப்பத்தோரு வருடமும் அச்சுக் குலையாமல் தெரிகிறது. ஆனால் இன்றைய மழையை எழுதப்போனால் மறுக்கிறது. எழுதினால்தான் கணக்கு ஓடும். கணக்கு ஓடினால்தான் பள்ளம் ஏறுமா இறங்குமா என்று தெரியும்.

போன வெள்ளிக்கிழமை நரிப்பள்ளம் கீழ்ப்பதிக்குள் வந்துவிட்டது. பதினாலு ஆடு போயிற்று. ஒரு கைக்குழந்தையை வாசற்படியிலிருந்து அள்ளி எடுத்தார்கள். இன்று விடியற்காலையிலிருந்து மறுபடியும் மழை பிடித்துக்கொண்டிருக்கிறது.

“இந்த ஒண்ணைச் சரிபண்ணிக் குடுத்துருங்க, அம்மணி. அந்தக் குழந்தை முகம் கண்ணுலயே நிக்குது.”

குரு பெட்டியைப் பார்த்தாள்.

“பழையதை அணைச்சீங்களா?”

“தினமும் முறையா ஷட் டவுன் பண்றேனுங்க.”

“அணைஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?”

இதென்ன கேள்வி என்று அவருக்குச் சுருக்கென்றது. “லைட்டு போகுது. ஃபேன் சத்தம் நிக்குது. திரை கறுப்பாயிருது. வேற என்னங்க வேணும்?”

குரு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். எழுப்பச் சொன்னாள்.

அவர் பட்டனைத் தட்டி, பழையதைத் தேர்ந்தெடுத்தார். ஒன்பது விநாடியில் பழையது பளிச்சென்று வந்து நின்றது.

“நம்ம பழசு கெட்டிக்காரனுங்க” என்றார் பெருமையாக.

“காலையில கண்ணு முழிச்சா, என்ன கிழமைன்னு தெளிய உங்களுக்கு எவ்வளவு நேரமாகும்?”

“இந்த வயசுக்கு ரெண்டு நிமிசம் ஆகுமுங்க.”

“இதுக்கு ஒம்பது செகண்டு.”

நாச்சிமுத்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“அப்ப இது தூங்கவே இல்லீங்களா?”

குரு தலையசைத்தாள். பிறகு, அவள் வழக்கத்தைவிட அதிகமாகவே பேசினாள். ஷட் டவுன் கொடுத்ததும் பழையது கையில் இருக்கிற முக்கியமான காரியங்களை ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொள்கிறது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறது. ஆனால் வட்டின் மேல் வைத்த பிடியை விடுவதில்லை. கூப்பிட்டதும் சட்டென்று எழுந்து நிற்கவேண்டும், சபாஷ் வாங்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. புதியது வந்து பார்க்கிறது. இன்னொருவர் பிடியில் இருக்கிற இடம் என்று தெரிகிறது. எழுதினால் இரண்டு பேர் எழுத்தும் மோதிப் பதிவே கெட்டுவிடும். அதனால் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதோடு நின்றுவிடுகிறது.

“புதுசு மேல தப்பே இல்லை” என்றாள்.

நாச்சிமுத்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தையில் ஒப்படைத்த பிறகும் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு புழங்கிய சாமான். மூடி துடைத்து, மேலே துணி போர்த்திவிட்டுத்தான் படுக்கப்போவார். துணிக்குள்ளே அது கண்ணை மூடிக்கொண்டு, பிடியை மட்டும் விடாமல் கிடந்திருக்கிறது.

“புதுசைவிட்டுப் பிடுங்கிக்கச் சொல்ல முடியாதுங்களா?”

“முடியும். ஒரே வரி.”

“அடிச்சுருவோமுங்க.”

“பிடுங்கினா பழசு கையில இருந்தது போயிரும். என்ன இருந்துச்சுன்னு அப்புறம் யாருக்கும் தெரியாது.”

“அப்ப என்னதானுங்க வழி?”

“அதுவா விடணும்.”

வெளியே மழை வலுத்தது. தகரக் கூரைமேல் விழுகிற சத்தத்தில் பேச்சுக் கேட்கச் சிரமமாக இருந்தது. குரு டீ ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

“வெள்ளிக்கிழமை மானியை யாரு பார்த்தாங்க?”

“மருதிதானுங்க. நான் பொள்ளாச்சியில ஒரு கல்யாணத்துல இருந்தேன்.”

“எத்தனை?”

“தொண்ணூத்தி நாலு. ரெண்டு நாளா அடிச்ச மழைக்கு மேல அது. நோட்டுல கைக்கணக்குப் போட்டுப் பார்த்து, ஏறுங்கன்னு சொல்லியிருக்கா.”

“அப்புறம் ஏன் ஏறலை?”

நாச்சிமுத்து டம்ளரை எடுத்தார். குடிக்காமல் கீழே வைத்தார்.

அன்று சாயங்காலம் கீழ்ப்பதியிலிருந்து ஊர்த்தலைவர் ரங்கன் மூப்பன் போன் செய்திருக்கிறார். மருதி ஏறச் சொல்கிறாள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. கல்யாண மண்டபத்து வாசலில் நின்று நாச்சிமுத்து வானத்தைப் பார்த்தார். பொள்ளாச்சியில் தூறல்தான். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள், ‘பார், இன்னும் இவரைத்தான் கேட்கிறார்கள்’ என்பதுபோல் அவரைப் பார்த்தார்கள். இதெல்லாம் ஒரு மழையா, பேசாமல் வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

“மருதிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அவர் துண்டை எடுத்து மறுபடி பிழிந்தார்.

குரு அதற்குமேல் கேட்கவில்லை. பெட்டியில் எந்தப் பக்கத்தைத் திறக்கவேண்டும் என்று மட்டும் சொன்னாள். மின்சாரம் பற்றிய பக்கம். அதற்குள் இன்னொரு பக்கம். அங்கே ஒரு சின்னக் கட்டம். சீக்கிரம் எழுவதற்கு ஆயத்தமாக இருக்கட்டும் என்ற வரிக்கு எதிரே ஒரு டிக் இருந்தது.

“இதை எடுத்துட்டா இனிமே சட்டுன்னு எந்திரிக்காதுங்களா?”

“எந்திரிக்காது.”

“கெழடு தட்டிப்போச்சும்பாங்க.”

குரு கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டாள்.

அவர் விரல் மவுஸ்மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அழுத்தினார். டிக் போய்விட்டது. ஷட் டவுன் கொடுத்தார்.

இந்தத் தடவை அது உடனே அணையவில்லை. உள்ளே என்னென்னவோ மூடுகிற மாதிரி ஃபேன் சுற்றிக்கொண்டேயிருந்தது. பிறகு மெல்ல நின்றது. அதற்கப்புறம் வந்த அமைதி வேறுமாதிரி இருந்ததாக அவருக்குப் பட்டது.

பட்டனைத் தட்டிப் புதியதைத் தேர்ந்தெடுத்தார். மழைப் பதிவைத் திறந்தார். இன்றைய தேதிக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. அதில் ஒரு கோடு மின்னி மின்னி மறைந்தது. பயந்துகொண்டே ஒன்று என்று அடித்தார். ஏற்றுக்கொண்டது. அடித்ததை அழித்தார். அதையும் ஏற்றுக்கொண்டது.

“உட்டுருச்சுங்க” என்றார்.

அப்போது போன் அடித்தது.



ரங்கன் மூப்பன். பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தமும் குழந்தைகள் அழுகிற சத்தமும் கேட்டன. மருதி இப்போதுதான் மறுபடி மானியைப் பார்த்துவிட்டு ஏறச் சொல்கிறாள் என்றார். பாதிப்பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். பாதிப்பேர் மழைக்காரர் வார்த்தைக்காக நிற்கிறார்கள்.

“நீங்க என்ன சொல்றீங்க?”

நாச்சிமுத்துவின் தலைக்குள் தானாகவே ஒரு எண் எழுந்தது. முப்பத்தோரு வருடப் பழக்கம். வரும்போது முதுகில் அடித்த மழையை வைத்தே எண்பது என்று போட்டுவிட்டது. நாக்கு தயாராக இருந்தது. ‘ஏறுங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாற்பது வீடும் ஏறிவிடும்.

சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

குரு அவரைப் பார்க்கவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியாது, மூப்பரே” என்றார் நாச்சிமுத்து.

“என்னங்க சொல்றீங்க?” என்றார் மூப்பன்.

“நான் மானியைப் பார்க்கலை. வெள்ளிக்கிழமையும் பார்க்கலை. பார்க்காமத்தான் சொன்னேன். உங்க ஆடு போனது என்னாலதான். பார்த்தவ மருதி ஒருத்திதான்.”

மூப்பன் வாய் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

அவர் திரும்பக் கூப்பிட்டார். கிடைக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். டவர் இல்லை.

எழுந்து வாசலுக்குப் போனார். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்றால் நடுவில் நரிப்பள்ளம். அதன் இரைச்சல் இங்கேயே கேட்க ஆரம்பித்திருந்தது. ஏறுங்கள் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நினைத்தார். கைக்குழந்தையின் முகம் வந்து நின்றது. குலதெய்வத்தைக் கூப்பிட்டார். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை அவர்.

குரு அவரைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவுமில்லை. ஆறிப்போன டீயை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு வந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. மருதி.

“எல்லாரும் மேட்டுக்கு வந்துட்டாங்க, ஐயா. நாப்பது வீடும் ஏறிருச்சு. மூப்பர்தான் வீடு வீடாப் போய்க் கூட்டிட்டு வந்தாரு. கீழ் வரிசையில இடுப்பளவு தண்ணி நிக்குது. உள்ள யாருமில்லை.”

நாச்சிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“மானியில இன்னிக்கு…” என்று பழக்கத்தில் மருதி ஆரம்பித்தாள்.

“என்கிட்டச் சொல்லாத, சாமி. மழை விட்டதும் பெட்டியைக் கொண்டுவந்து உன்கிட்டக் குடுக்கறேன். நீயே எழுது.”

“சரிங்க ஐயா” என்றாள் மருதி.

போனை வைத்துவிட்டு அவர் கதவைத் திறந்து வெளியே வந்தார்.

மழை பெய்துகொண்டிருந்தது. மலையைக் காணவில்லை. மலை இருந்த இடத்திலிருந்து வானம் தரைவரைக்கும் இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தது. தென்னைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தன. வற்றிப்போன கிணற்றுக்குள் நாலு பக்கச் சுவரிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. மண்வாசனை, இலைவாசனை, கல்வாசனை எல்லாம் ஒன்றாய்க் கலந்து மூக்கில் ஏறியது. எத்தனை மில்லிமீட்டர் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

இரண்டு கைகளையும் நீட்டினார். உள்ளங்கை நிறைந்து வழிந்தது. வழிய வழிய நின்றார். தோளில் இருந்த துண்டு நழுவி விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

குரு வந்து பக்கத்தில் நின்றாள். அவளும் நனைந்தாள்.

முப்பத்தோரு வருடம் மழையை அளந்த மனுஷன், திரும்பி அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க அம்மணி, எத்தனை வருசமாங்க இப்படிப் பெய்யுது?”